போல்ட் ஆடினால் அடியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் படகுகளைச் சீர் செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் பழவேற்காடு ஏரியின் இரு கரையிலும் பலர் படித்திருக்கிறார்கள். காலம் பார்த்து வந்த குறிப்புதான். ஆனால் அதில் ஒரு யோசனை படகுக்காரர்களைத் தவறான வழியில் விட்டுவிடும். ஃபைபர் படகில் கயிறு கட்டும் கிளீட்டையோ வளையத்தையோ சுற்றி விரிசல் கண்டால் மேலே பட்டி (அடைப்புப் பசை) வைத்து அடைத்துவிடலாம் என்று அதில் சொல்லியிருந்தது. பட்டி வைத்தால் விரிசல் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். விரிசலை உண்டாக்கிய கோளாறு அடியில் அப்படியே இருக்கும். கொண்டல் காற்று ஒரு மாதம் அடித்தால் அதே இடத்தில், கொஞ்சம் அகலமாக, மறுபடி பிளக்கும். இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் இருந்தால் வெளியிடுங்கள்.

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை மட்டுமே தமிழ்நாட்டில். ஆந்திரத்தின் தடாப் பக்கமும் இருக்கம் தீவிலும் தமிழ் பேசும் மீனவர்கள் உண்டு. ஆழம் குறைந்த ஏரி என்பதால் பாய் விரித்தும் கழி ஊன்றியும் ஓட்டுகிற வழக்கம் இங்கே இன்னும் சாகவில்லை. மாறியது படகின் உடல். மரம் போய் ஃபைபர் வந்துவிட்டது. பழுது பார்க்கிற கை மட்டும் பல இடங்களில் இன்னும் மரத்துக்குப் பழகிய கையாகவே இருக்கிறது.

வித்தியாசம் இதுதான். மரம் நனைந்தால் ஊதும். பலகைக்கும் ஆணிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தால் தானே இறுகிக்கொள்ளும். மிச்சத்தைக் கலப்பத்து (பலகை இடுக்கில் நார் திணித்து அடைப்பது) பார்த்துக்கொள்ளும். ஃபைபர் அப்படி ஊதாது. போல்ட்டைச் சுற்றி அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் அது அரை மில்லிமீட்டராகவே நின்று, படகு இருக்கிற காலமெல்லாம் தண்ணீரை உள்ளே விடும். போதாததற்கு, முன்தளத்துக்கு அடியில் விறைப்புக்காக வைத்து ஃபைபர் பூசி மூடிய மரச்சட்டம் இருந்தால், அது அந்தத் தண்ணீரைக் குடித்து ஊதி, மேலே பூசிய ஃபைபரை உள்ளிருந்தே பிளக்கும். மரப்படகில் காப்பாற்றிய அதே குணம் ஃபைபர் படகில் எதிரியாகிவிடுகிறது. பொழுதுபோக்குப் பாய்ப்படகுகளின் தளத்தில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ ஃபோமோ வைத்திருப்பார்கள். அங்கேயும் இதே கதைதான், இன்னும் வேகமாக நடக்கும்.

விரிசல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். பாய்ப்படகில் கிளீட் மேல் விழுகிற இழுப்பு ஒரே திசையில் வருவதில்லை. நங்கூரக் கயிறு முன்னால் இழுக்கும். பாயின் கீழ் மூலையைப் பிடிக்கும் தாமான் கயிறு பக்கவாட்டில் இழுக்கும். பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானைக் காற்று வரும் பக்கத்தில் இழுத்துக் கட்டினால், பருமலை (பாய் கட்டிய கழியை) தூக்கிப் பிடிப்பதோடு பாய்மரத்துக்குத் தாங்கு கயிறாகவும் அதுவே நிற்கும். அப்போது அது கட்டியிருக்கிற கிளீட்டை மேல்நோக்கிப் பிடுங்கும். பக்கவாட்டு இழுப்பைப் போல்ட்டின் உடல் தாங்கிவிடும். மேல்நோக்கிய பிடுங்கலைத் தாங்க வேண்டியது அடியில் இருக்கிற நட்டும் வாஷரும் அவற்றைச் சுற்றியுள்ள ஃபைபரும். அங்கே 20 மி.மீ. அகலச் சின்ன வாஷர் மட்டும் போட்டிருந்தால், ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் தளம் குடைபோல் மேலே வளைந்து வளைந்து இறங்கும். மேலே பூசிய ஜெல்கோட் என்ற வழவழப்பான மேற்பூச்சு கண்ணாடி மாதிரி, வளையத் தெரியாது. போல்ட்டை நடுவில் வைத்து நட்சத்திரம் போல் கோடு கோடாக வெடிக்கும். ஏரியின் மணல் திட்டில் படகு திடீரென்று தட்டி நிற்கும்போது பாய்மரமும் கயிறும் முன்னால் உந்துகிற ஒரே உதையில்கூட இது நடக்கும்.

ஆகவே முதல் வேலை சோதனை. ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, கிளீட்டிலிருந்து வெளிப்பக்கமாக விரலகலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஃபைபர் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்திலும் உள்ளே மரம் மக்கிய இடத்திலும் ஒலி மொத்தையாக அமுங்கும். அந்த எல்லையைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வெட்டும்போது தேவைப்படும். அடுத்து, ஒருவர் மேலிருந்து கிளீட்டைப் பிடித்து ஆட்ட, இன்னொருவர் அடியில் நட்டின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். போல்ட்டிலிருந்து தேயிலைச் சாயம் போல் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் தண்ணீர் இறங்குவது உறுதி. ஒரு போல்ட்டைக் கழற்றியதும் துளையிலிருந்து கறுத்த தண்ணீரும் புளித்த மரவாடையும் வந்தால், உள்ளே சட்டம் போய்விட்டது.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். எஃகு நட்டு சிக்கிக்கொண்டால் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அப்படியும் வராவிட்டால் அடிப்பக்கம் நட்டை அறுத்து எடுப்பதே நல்லது. மேலிருந்து போல்ட் தலையைப் பலங்கொண்டு திருகினால் துளை முட்டை வடிவமாகிவிடும். துருப்பிடிக்காத ஸ்டீல் என்று சொல்வதை நம்பி, பழைய போல்ட்டைத் துடைத்து அப்படியே மறுபடி போடுகிறவர்கள் உண்டு. அந்த ஸ்டீல் பளபளப்பாக இருப்பது காற்று படுவதால். ஈரமான துளைக்குள் காற்றுப் புகாமல் உப்புநீரில் ஊறினால் நடுத்தண்டில் அரிப்பு விழும். தலையும் முனையும் புதுசு போல இருக்கும், நடுவில் மெலிந்து கிடக்கும். தண்டில் குழியோ மெலிவோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஒரு போல்ட்டின் விலைக்காக ஒரு பாய்மரத்தை இழக்க வேண்டாம்.

புதிது வாங்கும்போது 316 தர ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 304. 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்கு அதிகம் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று சொல்வது சரியல்ல. இரண்டுமே காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. தலையில் பொறித்திருக்கும் A2, A4 என்ற குறியைப் பாருங்கள். A4 என்றால் 316 வகை. பித்தளைத் திருகுகளை இழுப்பு விழுகிற இடத்தில் போடவே கூடாது. உப்புநீர் அதிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும், மிச்சம் இருக்கும் செம்பு பிஸ்கட் மாதிரி உடையும்.

இனி துளை. வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீர். உப்பு உள்ளே இருக்கிற வரை துளை காயாது, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கோடையில் இந்த ஏரியின் உப்பு கடலையும் மிஞ்சும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று நான்கு முறை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வெயிலில் இரண்டு மூன்று நாள் திறந்து போடுங்கள். அதன் பிறகு அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் தேய்த்தால் மேலே இருக்கும் எண்ணெயும் மீன் கொழுப்பும் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் ரெசின் (ஃபைபரை ஒட்டி இறுக்கும் பிசின்) பிடிக்காது.

உள்ளே மரமோ ஃபோமோ இருக்கிற தளம் என்றால் 8 மி.மீ. துளையை 14 மி.மீ.க்குப் பெரிதாக்குங்கள். வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் இரண்டு ஃபைபர் தோல்களுக்கும் நடுவே உள்ள மரத்தைச் சுற்றிலும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் குடைந்து எடுத்துவிடலாம். அடிப்பக்கத் துளையை டேப் ஒட்டி அடைத்து, கலந்த எபாக்சியை (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் ரெசினை) முதலில் தண்ணீர் பதத்திலேயே ஊற்றி மரத்தைக் குடிக்க விடுங்கள். பத்து நிமிடம் கழித்து, பொடி நாரோ சிலிக்காவோ சேர்த்து வெண்ணெய் பதத்தில் குழைத்த எபாக்சியால் நிரப்புங்கள். குமிழி இல்லாமல் இறங்க ஐஸ் குச்சியால் குத்திக் குத்தி விட வேண்டும். 24 மணி நேரம் கழித்து நடுவில் மறுபடி 8 மி.மீ. துளை. இப்போது போல்ட் மரத்தைத் தொடாமல் எபாக்சிக் குழாய்க்குள் போகிறது. நாளைக்குச் சீலன்ட் (நீர் கசியாமல் அடைக்கும் பசை) தோற்றாலும் தண்ணீர் மரத்துக்குப் போக வழியில்லை. நட்டை இறுக்கும்போது நடுவில் உள்ள மரம் நசுங்கவும் இடமில்லை.

எபாக்சி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சீக்கிரமோ தாமதமாகவோ இறுகிவிடும். எபாக்சி அப்படி இல்லை. இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று டப்பாவில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதே விகிதம்தான். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் எப்போதும் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். எடை போட்டு அளப்பதா, அளவு பார்த்து ஊற்றுவதா என்பதையும் டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

நாணயம் தட்டிப் பார்த்ததில் வட்டம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் துளையை நிரப்புவது மட்டும் போதாது. அடிப்பக்கத்திலிருந்து அழுகியதை வெட்டி எடுத்து, புது அடுக்கு போட வேண்டும். மேல்பக்கத்தைத் தொடாமல் விட்டால் வெளித்தோற்றம் கெடாது, வேலையும் பாதி. தளம் 6 மி.மீ. தடிமன் என்றால், ஓட்டையின் ஓரத்திலிருந்து சுற்றிலும் சுமார் 7 செ.மீ. தூரத்துக்குச் சரிவாகத் தேயுங்கள். தடிமனைப் போல 12 மடங்கு சரிவு என்பது கணக்கு. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி நடுவில் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பை அடைத்தால், பழைய ஃபைபரும் புதியதும் முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ள இடமே இருக்காது. அடுத்த இழுப்பில் மூடியைப் போல் கழன்று வரும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு காய்ந்ததும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். ஆக ஆறு அடுக்கு. ஒன்றைவிட ஒன்று 2 செ.மீ. பெரிதாக வெட்டி வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு பாலியெஸ்டர் ரெசின் போதும். ஓர் அடிச் சதுர அளவுப் பழுதுக்கு முக்கால் கிலோ ரெசின் தாராளம். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. ஹார்டனர் என்பது பொதுக்கணக்கு. சித்திரை வெயிலில் 10-ஐத் தாண்ட வேண்டாம். மூடியில் ஊற்றிக் குத்துமதிப்பாக அளப்பதை விட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து எடுங்கள். ஒரே நேரத்தில் 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். ஆழமான டப்பாவில் நிறையக் கலந்தால் அதன் சூடே அதை இறுக வைத்துப் புகையக் கிளப்பும். அகலமான தட்டில் கலந்தால் வேலை செய்யக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒட்ட வேண்டிய வேலை என்பதால் ஈரமான மேட் தலையில்தான் விழும். பலகை மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதில் மேட்டை வைத்து ரெசினில் முழுக்க நனைத்து, தாளோடு தூக்கி ஒட்டி, பிறகு தாளை உரியுங்கள். ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் காற்று. ஒரு நாளில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம், சூடேறி வளைந்துவிடும். மறுநாள் தொடரும்போது முந்தைய நாள் பரப்பை 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டே தொடர வேண்டும்.

இங்கேதான் வரிசை மாறிப் பலர் கெடுக்கிறார்கள். பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே மேட் அடுக்கெல்லாம் பாலியெஸ்டரில் முடித்துக் காயவிட்டு, அதன் பிறகே துளைக்கு எபாக்சி வைக்க வேண்டும். முழு வேலையும் எபாக்சியில்தான் என்றால் சாதாரண மேட்டை விட்டுவிட்டு நெய்த கண்ணாடித் துணியை வாங்குங்கள். சாதாரண மேட்டின் இழைகளைக் கட்டி வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்று இட்டது. எபாக்சியில் அது கரையாது. மேட் விறைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் படியாது.

அடித்தகடு இல்லாமல் கிளீட்டைத் திரும்ப மாட்டினால் மேலே சொன்ன வேலை முழுவதும் வீண். கிளீட்டின் அடிப்பாகத்தைப் போல இரண்டு மடங்கு நீள அகலத்தில், 12 மி.மீ. மரைன் பிளைவுட் துண்டு போதும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால்தான் மரைன் பிளைவுட். 303 என்றால் அது வீட்டு அலமாரிக்கு. நான்கு மூலையையும் உருட்டி, ஓரத்தைச் சீவி, துளை போட்ட பிறகு துளையின் உட்சுவர் உட்பட எல்லாப் பக்கமும் ரெசின் இரண்டு பூச்சு கொடுங்கள். வெட்டு முகத்தில் ஒரு பூச்சு விட்டுப்போனாலும் அங்கிருந்துதான் மக்கத் தொடங்கும். மூலை கூராக இருந்தால் இழுப்பெல்லாம் அந்த மூலையில் குவிந்து தளத்தை அங்கே வெடிக்க வைக்கும். தளத்தின் அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால், நார் கலந்த பட்டியை மெல்லியதாகத் தடவி அதன் மேல் தகட்டைப் படிய வையுங்கள். பட்டிக்கு உண்மையான வேலை இங்கேதான், மேலே விரிசலில் அல்ல. நட்டுக்கு அடியில் அகல வாஷர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 30 மி.மீ. அகலம். அலுமினியத் தகடு வைத்து ஸ்டீல் போல்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புநீரில் அலுமினியம் வெள்ளை மாவாக அரித்துப்போகும்.

கிளீட்டின் அளவையும் ஒருமுறை பாருங்கள். 12 மி.மீ. கயிற்றுக்கு 8 அங்குலக் கிளீட் வேண்டும். சின்னக் கிளீட்டில் தடித்த கயிற்றை அடைத்துக் கட்டினால் முடிச்சு மேலே குவிந்து, இழுப்பு உயரத்திலிருந்து நெம்புகோல் மாதிரி விழும். கயிறு வருகிற திசைக்கு நேர்கோட்டில் வைக்காமல் கொஞ்சம் சாய்த்து, 15 டிகிரி அளவுக்கு, வைத்தால் கயிறு சிக்கிக்கொள்ளாது.

சீலன்ட் வைப்பதில்தான் கடைசித் தவறு. துளையின் மேல்வாயை அகன்ற டிரில் முனையாலோ சாணைக் கல்லாலோ 11, 12 மி.மீ.க்குப் புனல் போலச் சரித்துவிடுங்கள். போல்ட்டைச் சுற்றி மோதிரம் போல் சீலன்ட் தங்க அந்தச் சரிவு இடம் தரும். சரிவு இல்லாவிட்டால் இறுக்கியதும் எல்லாம் வெளியே பிதுங்கி, உள்ளே காகிதத் தடிமனில் ஒரு படலம்தான் மிஞ்சும். அது அசைவைத் தாங்காமல் ஒரே மாதத்தில் கிழியும். பாத்ரூமுக்கு வாங்குகிற சிலிக்கானை இதற்கு எடுக்காதீர்கள். ஃபைபரில் பிடிப்பு குறைவு என்பது ஒரு பக்கம். அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு ஜெல்கோட்டோ பெயின்டோ ஒட்டாது என்பது பெரிய தொல்லை. பியூ என்று கேட்டால் கிடைக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் சரியானது. 300 மி.லி. குழாய் ஒன்று நான்கைந்து கிளீட்டுக்கு வரும். திறந்த குழாய் காற்றின் ஈரத்திலேயே இறுகிவிடும் என்பதால் நான்கைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் மிச்சம்.

இரண்டு தடவையாக இறுக்க வேண்டும். முதல் நாள், சீலன்ட் சுற்றிலும் சீராகப் பிதுங்குகிற அளவுக்குக் கையால் மட்டும். ஒன்றரை மில்லிமீட்டர் படுக்கை உள்ளே இருக்கட்டும். பியூ ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். ஆகவே மூன்று நாளாவது விட்டு, பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். அப்போது மேலே போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடியில் நட்டை மட்டும் திருக வேண்டும். தலையைத் திருகினால் அதைச் சுற்றிக் காய்ந்த சீலன்ட் அறுந்துவிடும், செய்த வேலை கண்ணெதிரே போகும். ஸ்டீல் நட்டும் ஸ்டீல் போல்ட்டும் உரசினால் ஒன்றோடு ஒன்று பற்றிக்கொள்ளும். மரையில் துளி கிரீஸ் தடவி மெதுவாகத் திருகுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டு போட்டால் ஆட்டத்தில் கழலாது. நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும்.

மேலே தெரிகிற நட்சத்திர விரிசலை இப்போது பார்க்கலாம். கோட்டின் மேல் சின்ன வெட்டுமுனையால் V வடிவில் ஜெல்கோட் தடிமனுக்கு மட்டும் கீறி, அசிட்டோனில் துடைத்து, ஜெல்கோட்டை அரை மில்லிமீட்டர் மேடாக நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுங்கள். மெழுகு கலக்காத ஜெல்கோட் காற்று பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே இருக்கும், அதற்காகத்தான் தாள். மறுநாள் 220, 400, 600 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் முடிந்தது. அடி வேலை செய்யாமல் இதை மட்டும் செய்துவிட்டுக் கூலி வாங்குகிறவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அடைத்த அறைகள் தனித் தொல்லை. முன்தளத்துக்கு அடியில் மிதப்புக்காக ஃபோம் நிரப்பி முற்றிலும் மூடிய படகுகளில் நட்டுக்குக் கையே போகாது. அங்கே மேலிருந்து ஸ்க்ரூ போட்டு ஒப்பேற்றுகிறார்கள். 6 மி.மீ. ஃபைபரில் ஸ்க்ரூ பிடிப்பது நாலைந்து மரை. துணி காயப்போடக் கொடி கட்டலாம், ஆஞ்சான் கட்ட முடியாது. 6 அங்குல வட்டத் துளை போட்டுத் திருகு மூடி பொருத்திவிட்டால் கையும் போகும், காற்றும் போகும். மூடியின் ஓரத்துக்கும் மேலே சொன்ன சீலன்ட் முறைதான். திறந்து பார்க்கும்போது ஃபோம் ஊறியிருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். ஒரு குடம் தண்ணீரைக் குடித்த ஃபோம் மிதப்பைத் தராது, படகை முன்பக்கம் அமுக்கத்தான் செய்யும். மாற்றாகத் தெர்மோகோலை வைத்து அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசாதீர்கள். ஸ்டைரீன் அதைச் சர்க்கரையைப் போல் கரைத்துவிடும். மேலே பளிச்சென்று ஃபைபர், உள்ளே வெற்றிடம். எபாக்சியாலோ பாலிதீன் தாளாலோ மூடிய பிறகு பூசலாம், அல்லது பாலியூரித்தேன் ஃபோம் வாங்கலாம்.

எப்போது செய்வது? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதால் பழுது வேலைக்குத் தானாக நேரம் கிடைக்கிறது. பாய்ப்படகுக்கு அப்படிக் கட்டாய ஓய்வு கிடையாது, அதனால்தான் தள்ளித் தள்ளிப் போய் ஐப்பசி மழையில் வந்து நிற்கிறது. ஆவணி, புரட்டாசியில் மழை விட்ட ஒரு வாரம் போதும். காலை பனி உலர்ந்த பிறகு எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் ரெசின் வேலையை முடியுங்கள். உச்சி வெயிலில் சூடான ஃபைபர் மேல் பூசினால் குமிழி கிளம்பும். பிற்பகல் கடற்காற்று மணலைக் கொண்டுவந்து ஈர ரெசினில் ஒட்டும். மழை மூட்டத்தில் பூசிய ரெசின் வெளுத்துப்போய் முழுதாக இறுகாது.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம். கடையில் ரெசினோடு கோபால்ட் என்ற ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் தனித்தனிப் பாட்டிலில் தருவார்கள். இரண்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, ஹார்டனர் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி மாட்டாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மூடிய முன்தளத்துக்குள் தலையை விட்டுப் பூசுகிறவருக்கு வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். பக்கத்தில் பீடி கூடாது.

இந்த எச்சரிக்கைகளும் கலவை விகிதமும் டப்பாவின் மேல் அச்சிட்டே வருகின்றன, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். பூச்சிமருந்து டப்பாவில் தமிழும் தெலுங்கும் போட முடிகிறபோது ரெசின் டப்பாவில் ஏன் முடியாது? சில்லறையாகப் பிரித்துத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் கடைகளில் அந்த ஆங்கிலமும் இல்லை. பாட்டிலில் பேராவது எழுதி ஒட்டிக் கொடுக்கும்படி இரு மாநில மீன்வளத் துறையினரும் கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மானியத்தில் தரும் புதுப் படகுகளின் விவரக்குறிப்பில் இரண்டு வரியைச் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்: ஒவ்வொரு கிளீட்டுக்கும் வளையத்துக்கும் அடித்தகடு இருக்க வேண்டும், மூடிய ஒவ்வோர் அறைக்கும் கை நுழையும் மூடி இருக்க வேண்டும். அச்சில் வார்க்கும்போதே வைத்தால் அரை நாள் வேலை. பிறகு வைப்பதற்கு இவ்வளவு நீளக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஃபைபர் படகு பழுது பார்க்கும் தொழிலாளர்கள்,
பழவேற்காடு – தடா வட்டாரம்